தொடுத்தல்: திருமெய்யப் பாசுரங்களை முன்னிட்டு ஒரு சொல்லாராய்ச்சி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

புதுக்கோட்டைக்குத் தெற்கே திருமெய்யத்தில் எம்பெருமான் ஸத்யமூர்த்தியாய் நின்றும், குடைவரையில் அரவணைமேல் மெய்யராய்க் கிடந்தும் ஸேவை ஸாதிக்கிறான். இத்தலத்தை மங்களாசாஸனம் செய்தவர் திருமங்கையாழ்வார் ஒருவரே. ஆயினும் இதற்கென்று தனித் திருமொழி ஒன்றும் அமையவில்லை. பிற திவ்யதேசங்களைப் பாடுமிடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே மெய்யம் வருகிறது. இதனைக் குறையாக எண்ணி வருந்தும் அன்பர்கள் உண்டு. ‘தொடுத்தல்’ என்னும் சொல்லைச் சற்று ஆராய்ந்தால் அவ்வருத்தம் நீங்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

பொருள்களைச் சேர்ப்பதைக் குறிக்க ஒட்டுதல், கலத்தல், பிணைத்தல், கட்டுதல், பின்னுதல், கோத்தல், புனைதல், தொடுத்தல் எனச் சொற்கள் பல. இவற்றை ஒருபொருட் சொற்கள் என்று அடுக்கிவிடலாம். புஷ்ப கைங்கர்யம் செய்பவர்கள் அதற்கு இசையமாட்டார்கள். கலந்தவை மீண்டும் வேறாகா. ஒட்டியதைப் பிரித்தால் கிழியும். கோப்பதற்கோ துளை வேண்டும். முத்தைத் துளையிட்டும் மலரை ஊசியால் குத்தியுமே கோக்கவேண்டும். தொடுப்பது அவ்வாறன்று. நனைத்த வாழைநாரில் மலர்களைக் காம்போடு காம்பு சேர வைத்து, நாரைச் சுற்றி முடிச்சிட்டு இறுக்குவதோடு சரி. மலருக்குக் காயமில்லை. ஒவ்வொன்றும் தன் நிறமும் மணமும் கெடாமல் அடுத்ததைத் தொட்டு நிற்கும். ஒன்றையொன்று தொடும்படி செய்வதே தொடுத்தல் என்று கொள்வது பொருந்தும்.

இச்சொல்லுக்கு வேறு பொருள்களும் உள. நாணில் அம்பு தொடுப்பர், போர் தொடுப்பர், வழக்கும் தொடுப்பர். திருமெய்யத்தில் இந்தக் கடைசிப் பொருளையும் நினையாதிருக்க முடியவில்லை. ஒரே குன்றின் அடிவாரத்தில் அருகருகே அமைந்த சிவன் கோயிலாருக்கும் பெருமாள் கோயிலாருக்கும் இருந்த பிணக்கு 1245 ஆம் ஆண்டில் போசளத் தண்டநாயக்கர் அப்பண்ணர் முன்னிலையில் தீர்க்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. வருவாயைப் பகிர்ந்து, இரண்டு கோயில்களுக்கும் நடுவே மதில் எழுப்புவதாகத் தீர்வு ஏற்பட்டது. நிற்க.

தொடுக்கப்பட்டது தொடை. மாலைக்கும் அதுவே பெயர். செய்யுளில் மோனை, எதுகை, முரண், இயைபு ஆகியவற்றுக்கும் தொல்காப்பியர் காலந்தொட்டே அதுவே பெயர். பூமாலையும் பாமாலையும் ஒரு சொல்லில் அடங்கியது ஸம்ப்ரதாயத்துக்கு மிகவும் உகந்ததாயிற்று. தொண்டரடிப்பொடியாழ்வார் திருப்பள்ளியெழுச்சியை முடிக்கும்போது தொடையாகிய துளவத்தையும் பூக்கூடையையுமே தமக்கு அடையாளமாகச் சொல்லிக்கொள்கிறார். நம்மாழ்வாரோ 1102 பாசுரங்களையும் அந்தாதித் தொடையில் அமைத்தார். திருவாய்மொழியின் முடிவு அதன் தொடக்கத்தையே சென்று தொடுகிறது. மாலையின் இரு நுனிகளையும் சேர்த்து முடிவதைப் போல.

வ்யாக்யாதாக்களும் ஒரு வகையில் தொடுப்பவர்களே. அவர்கள் கீழ்ப்பாசுரத்தோடு மேற்பாசுரத்துக்கு உள்ள ஸங்கதியைக் காட்டாமல் போவதில்லை. (பழகாதவர்களுக்காக: வ்யாக்யானங்களில் ‘கீழ்’ என்பது முன் சொன்னது, ‘மேல்’ என்பது இனி வருவது.) ஆகவே ஒரு பாசுரத்தை மாத்திரம் தனியே எடுத்து அநுபவிப்பது, மாலையிலிருந்து ஒரு பூவை உருவிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

இனித் திருமெய்யம். பெரிய திருமொழியில் கடல்மல்லைத் தலசயனத்தைப் பாடும் பதிகத்தில் (2-5), மெய்யமலையில் கிடப்பவனை ஆழ்வார் நினைக்கிறார். திருவரங்கப் பதிகத்தில் (5-5) தன் மகளை இப்பாடு படுத்தினவன் மெய்யமலையாளன் என்று தாயார் முறையிடுகிறாள். மல்லையிலும் அரங்கத்திலும் மெய்யத்திலும் கிடந்த திருக்கோலமே. காம்போடு காம்பு சேர்வது இங்கே நன்கு புலனாகிறது. தம் திருநாட்டைச் சேர்ந்த திருவாலியைப் பாடும்போதும் (3-6) மெய்யத்தை அவர் விடவில்லை. தனித் திருமொழி பெற்ற தலம் ஒரு மாலை. மெய்யமோ பல மாலைகளில் இடம்பெற்ற மலர். இவ்விரண்டில் எது உயர்ந்தது என்று வழக்குத் தொடுக்க நாம் வரவில்லை. ஆழ்வார் மறந்து விட்ட தலம் என்று மட்டும் யாரும் சொல்லலாகாது.

திருக்கண்ணபுரப் பதிகத்தின் (8-2) மூன்றாம் பாசுரத்தை இக்கண்ணோடு ஸேவிக்க வேண்டும். அங்கும் பேசுகிறவள் தாயாரே. மகளின் நெஞ்சோ கண்ணபுரத்தானிடம் இருக்கிறது. ஆயினும் அவள் வேங்கடத்தையும் நீர்மலையையும் சொல்லி வாய்வெருவுகிறாள். மெய்யத்தை மட்டும் ‘எங்கே’ என்று வினவுகிறாள். மற்றவை நாவில் வந்தவை, இது தேடப்பட்டது என்பது நம் அநுபவம். அடுத்த முறை திருமெய்யத்தில் இப்பாசுரத்தை விண்ணப்பிக்கும் அன்பர்கள், இந்த ஒன்றோடு நிறுத்தாமல் கண்ணபுரப் பதிகம் பத்தையும் சேர்த்து அநுஸந்திப்பார்களாக.