கண்ணில் பூ விழாமல் காப்போம்



ஐம்பொறிகளுள் கண்ணே தலையாயது என்பதை யாவரும் அறிவோம். எனினும், காலில் முள் தைத்தால் உடனே பிடுங்கி எறியும் நாம், கண்ணில் துரும்பு பட்டால் மட்டும் 'நாளைக்குச் சரியாகிவிடும்' என்று வாளாவிருந்து விடுகிறோம். அதனால் விளையும் கேட்டினையும், அதனைத் தடுக்கும் வழியினையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவிழிப் படலம்

கைக்கடிகாரத்தின் முகப்பிலுள்ள கண்ணாடியைப் போல, கண்ணின் முன்புறத்தில் அமைந்திருக்கும் தெளிந்த படலமே கருவிழிப் படலமாகும். இதன் குறுக்களவு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். நடுப்பகுதியின் கனமோ அரை மில்லிமீட்டர் அளவே. ஒளி தடையின்றிப் புகவேண்டும் என்பதற்காக இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டிய உயிர்வளியைப் பெரும்பாலும் கண்ணீரின் வழியாகக் காற்றிலிருந்தே இது பெறுகின்றது. நரம்பு நுனிகள் மிகுதியாக இருப்பதால், சிறு தூசு பட்டாலும் கண் துடிக்கின்றது.

இப்படலத்தின் மேற்புறம் மட்டும் சிராய்ந்தால், பெரும்பாலும் ஓரிரு நாட்களில் வடுவின்றி ஆறிவிடும். ஆனால் அச்சிராய்ப்பின் வழியே கிருமி புகுந்தால் அவ்விடம் புண்ணாகும். புண் ஆறிய பின்னும் வெண்ணிற வடு நிலைத்துவிடும். இதனையே நம் முன்னோர் 'கண்ணில் பூ விழுந்தது' என்றனர். முதுமையில் வரும் கண்புரை வேறு. அது கண்ணின் உள்ளிருக்கும் வில்லை மங்குவதால் உண்டாவது.

தோட்டத்தில் நேர்வது என்ன?

செம்பனைக் குலை அறுப்பவர், நீண்ட கழியில் பொருத்திய அரிவாளுடன் அண்ணாந்து பார்த்தே வேலை செய்கின்றார். மட்டையை வெட்டும்போது தூசும் சிம்பும் நேரே விழியின்மீது விழுகின்றன. ஈர மண்ணிலும் அழுகும் இலைகளிலும் வாழும் பியூசேரியம், அஸ்பெர்ஜில்லஸ் முதலிய பூஞ்சைகள் அத்துரும்புடன் சேர்ந்து கண்ணில் புகக்கூடும்.

திங்கட்கிழமை காலையில் ஒருவர் கண்ணில் மட்டைச் சிம்பு பட்டதாகக் கொள்வோம். அன்று சிறிது உறுத்தல், அவ்வளவே. ஒரு நாள் கூலி போய்விடுமே என்று வேலையைத் தொடர்கின்றார். வீட்டிலுள்ளோர் தாய்ப்பால் விடுகின்றனர். நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிகின்றனர். புதன்கிழமை கண் சிவக்கின்றது. கடையில் வாங்கிய சொட்டு மருந்தை ஊற்றுகின்றார். வெள்ளிக்கிழமை வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கருவிழியில் வெண்புள்ளி தோன்றிவிட்டது. பூஞ்சை மெல்ல வளர்வதே அதன் வஞ்சகமாகும். நாம் பொறுத்திருக்கும் நாட்களே அதற்கு விளைச்சல் காலம்.

நோயை அறிதல்

மருத்துவர் 'ஸ்லிட் லேம்ப்' என்னும் விளக்குப் பொருத்திய உருப்பெருக்கியால் கண்ணை நோக்குவார். ஃபுளோரசின் என்னும் செம்மஞ்சள் சாயத்தைக் கண்ணில் இட்டு நீல ஒளியைப் பாய்ச்சினால், சிராய்த்த இடம் பச்சையாக ஒளிரும். புண்ணாகியிருந்தால், மரத்துப்போகும் மருந்திட்டு, அதன் ஓரத்தை மெல்லச் சுரண்டி, நுண்ணோக்கியில் ஆராய்வர். கிருமியை வளர்த்தும் பார்ப்பர். பாக்டீரியாவா, பூஞ்சையா, வைரசா என்பது தெரிந்தால்தான் தக்க மருந்தைத் தரவியலும். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பூஞ்சையைக் கொல்லாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தோ, சிவப்பைத் தணித்து நலம்போல் காட்டினாலும், பூஞ்சை உள்ளே பரவ இடமளித்துவிடும்.

சிகிச்சை

பியூசேரியம் போன்ற பூஞ்சைகளுக்கு நேட்டாமைசின் சொட்டு மருந்து தரப்படுகின்றது. தொடக்கத்தில் மணிக்கொரு முறை என, பல வாரங்கள் இட வேண்டியிருக்கும். வடு பார்வையை மறைத்துவிட்டால், இறந்தோர் ஈந்த கருவிழியைப் பொருத்தும் அறுவை மருத்துவம் உண்டு. 1905ஆம் ஆண்டில், இன்றைய செக் நாட்டிலுள்ள ஓலொமோட்ஸ் நகரில், எடுவர்ட் சிர்ம் என்னும் மருத்துவர் மனிதக் கருவிழியை முதன்முதலில் வெற்றியுடன் பொருத்தினார். அதனைப் பெற்றவர், சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்த ஒரு கூலித் தொழிலாளியே!

ஆயினும், வருமுன் காப்பதே எளிது. நேபாளத்தின் பக்தபூர் மாவட்டத்தில் நடைபெற்று, 2001ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதனை மெய்ப்பிக்கின்றது. அங்குக் கருவிழி சிராய்ந்தோர்க்கு, 1 விழுக்காடு குளோராம்பெனிகால் களிம்பு நாளொன்றுக்கு 3 முறையாக 3 நாட்கள் இடப்பட்டது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கப்பெற்ற எவருக்கும் புண் உண்டாகவில்லை. எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்வார். என்றைக்குச் செல்வது என்பதை மட்டுமே நாம் முடிவு செய்ய வேண்டும். அது அன்றைக்கே என்று இருக்கட்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. குலை அறுக்கும்போதும் புல் வெட்டும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி அணிக.
2. துரும்பு பட்டால் கண்ணைக் கசக்காதீர். துணி நுனியாலோ நாவாலோ எடுக்க முயலாதீர்.
3. தாய்ப்பால், இலைச்சாறு, பிறர் மீத்துவைத்த சொட்டு மருந்து எதையும் விடாதீர்.
4. களைக்கொல்லி, உரம், சுண்ணாம்பு தெறித்தால், வேறெதற்கும் காத்திராமல், இமைகளைத் திறந்து, தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவிய பின்னரே மருத்துவரிடம் விரைக.
5. வலி, சிவப்பு, கூச்சம், மங்கல், வெண்புள்ளி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாதீர்.

மாணவமணிகளே! உங்கள் பெற்றோருள் சிலருக்கு இம்மலரைப் படிக்க நேரமிராது. சிலருக்குப் படிக்கத் தெரியாமலும் இருக்கலாம். இன்றிரவு உணவுக்குப் பின், அவர்கள் அருகில் அமர்ந்து, இக்கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அண்ணாந்து உழைத்து உங்களைப் படிக்கவைக்கும் அந்தக் கண்கள், நீங்கள் உயர்வதைக் காண வேண்டாவா?