இரவுக்கு இருள் வேண்டும்

விளக்கு மனிதனுக்குக் கிடைத்த பெரும்பேறு. இதை மறுப்பார் இல்லை. எனினும், வேண்டாத இடத்தில், வேண்டாத நேரத்தில் எரியும் விளக்கு பிற உயிர்களுக்குத் தீங்காகிறது. 2016ஆம் ஆண்டில் வெளியான உலக இரவு வான வரைபடம், செயற்கை ஒளி மிகுந்த நாடு சிங்கப்பூரே எனக் காட்டியது. அங்கு எவருடைய கண்ணும் இருளுக்கு முழுதும் பழக முடியாத அளவுக்கு இரவு வானம் வெளுத்திருக்கிறது. இதனால் விளையும் கேடு யாது? மலேசியாவிலிருந்து இரண்டு உதாரணங்கள் காண்போம்.

முதலாவது, மின்மினி. கோல சிலாங்கூருக்கு அருகே, கம்போங் குவாந்தான் ஆற்றோரத்தில் பெரம்பாங் மரங்கள் நிற்கின்றன. இருட்டியதும் மின்மினிகள் அவற்றில் திரளாகக் கூடுகின்றன. ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில், விநாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை மின்னுகின்றன. பெண் பூச்சியை அழைக்கும் பேச்சே அவ்வொளி. வளர்ந்த மின்மினியின் ஆயுளோ சில வாரங்களே; அதற்குள் இணை சேர்ந்து முட்டையிட வேண்டும். கரையில் பெருவிளக்கு எரிந்தால், சந்தை இரைச்சலில் மெல்லிய குரல் அமிழ்வதுபோல் அந்த அழைப்பு அமிழ்ந்துவிடும். இணை சேர்வது குறைந்தால் அடுத்த தலைமுறையும் குறையும்.

இரண்டாவது, கடலாமை. திரெங்கானுக் கரையில் பச்சை ஆமைகள் இரவில் ஏறி, மணலில் முட்டையிடுகின்றன. வெளிச்சமுள்ள கரையைத் தாயாமை தவிர்க்கும். சுமார் இரண்டு மாதங்களில் பொரியும் குஞ்சுகள், பெரும்பாலும் இரவிலேயே வெளிவருகின்றன. இயற்கையில் கடற்பக்கத்து அடிவானமே கரையைவிட வெளிச்சமானது. ஆகவே வெளிச்சமுள்ள திசையே கடல் என்பது அவற்றின் பிறவி அறிவு. கரைமேல் விடுதி விளக்கு எரிந்தால், குஞ்சுகள் கடலை விட்டு விளக்கை நோக்கி ஊர்கின்றன. நண்டுக்கும் நாய்க்கும் இரையாகின்றன. எஞ்சியவை விடிந்தபின் வெயிலில் காய்ந்து மடிகின்றன.

இதற்குப் பரிகாரம் எளிது. விளக்கு நிலத்தை நோக்கியிருக்க, மேலே மூடி இடுக. தேவைக்கு மிஞ்சிய பிரகாசத்தைக் குறைக்க. நீலம் கலந்த வெள்ளொளி வானில் அதிகம் சிதறும். ஆதலின் மஞ்சள் விளக்கைக் கொள்க. ஆள் நடமாட்டம் ஓய்ந்தபின் அணைத்துவிடுக.

ஆற்றில் கலந்த எண்ணெயை அகற்ற நெடுநாள் ஆகும். விளக்கைத் தணித்தாலோ, இருள் அக்கணமே திரும்பிவிடும். ஆகவே கடையானாலும், வீடானாலும், சங்கக் கட்டடமானாலும், விடியுமட்டும் எரியும் விளக்கு யாருக்காக எரிகிறது என்று இன்றிரவே பார்த்து, தேவையில்லாததை அணைப்போமாக.