வலி ஊசி: தெரிந்து போட வேண்டிய மருந்து

கறவை மாட்டுக்கு மடிநோய் கண்டாலும் கால் வீங்கினாலும் கால்நடை மருத்துவர் வலியும் வீக்கமும் தணிய ஊசி போடுகிறார். மாடு மறுபடி தீனி எடுக்கிறது. 'அதே மருந்தை நாமே வாங்கிப் போட்டால் என்ன?' என்று சிலர் எண்ணுகிறார்கள். அது ஆபத்து. காரணத்தைப் பார்ப்போம்.

மாட்டின் உடல் எண்ணற்ற செல்களால் ஆனது. வயலுக்கு வரப்பு போல ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு உண்டு. அதில் பெரும்பங்கு, இரண்டு அடுக்காக அமைந்த கொழுப்பு. காயம் பட்டாலோ கிருமி தாக்கினாலோ அந்தக் கொழுப்பிலிருந்து அராகிடோனிக் அமிலம் பிரிகிறது. ஒரு நொதி அதைப் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளாக மாற்றுகிறது. வீக்கம், வலி, காய்ச்சல் ஆகியவற்றைத் தூண்டுவது இதுவே. ஆஸ்பிரின், மெலாக்சிகாம் போன்ற மருந்துகள் அந்த நொதியைத் தடுக்கின்றன. ஆஸ்பிரின் இவ்வாறு வேலை செய்வதை 1971-ல் காட்டிய ஜான் வேன் 1982-ல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால், வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் பார்ப்பதும் அதே புராஸ்டாகிளாண்டின்தான். மேலும், எண்ணெய் தடவிய சட்டியில் தண்ணீர் ஒட்டாதது போல, வயிற்றுச் சுவர் மேலுள்ள கொழுப்புப் படலம் அமிலத்தை விலக்குகிறது. இவ்வகை மருந்துகள் பல அந்தப் படலத்தோடு சேர்ந்து அதைத் தளர்த்துவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. அளவு மீறினால் மாட்டின் நான்காவது வயிற்றில் புண் உண்டாகலாம்.

கவனிக்க வேண்டியவை:

1. மாட்டின் எடைக்கு ஏற்ற அளவை மருத்துவரே முடிவு செய்யட்டும். நாமாக மறு ஊசி போடக்கூடாது.

2. இருவகை வலி மருந்தைச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது. முன்பு போட்ட ஊசியைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவும்.

3. கழிச்சலால் உடலில் நீர் வற்றிய மாடானால் அதை முதலிலேயே தெரிவிக்கவும். சிறுநீரகம் கெடக்கூடும்.

4. சாணம் தார் போல் கறுத்தால் உடனே மருத்துவரை அழைக்கவும்.

5. வலி ஊசி கிருமியைக் கொல்லாது. வீக்கம் வடிந்தாலும் மடிநோய்ச் சிகிச்சையைப் பாதியில் விடக்கூடாது. மருத்துவர் சொல்லும் நாள் வரை பாலை விற்கவோ வீட்டில் பயன்படுத்தவோ வேண்டாம்.

6. டைக்குளோஃபினாக் போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. எனவே கால்நடைக்கு அம்மருந்து 2006-ல் தடை செய்யப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் ஆகியவையும் 2023-ல் தடை செய்யப்பட்டன. மனிதருக்கான ஊசியை வாங்கி மாட்டுக்குப் போடுவதும் தவறே.