சிட்டையும் பேரேடும்

முன்னாளில் கோட்டக்குப்பத்து வணிகர், விற்பனை நிகழுந்தோறும் பேரேட்டைப் புரட்டினாரல்லர். சிட்டையில் குறித்துக்கொண்டு, ஓய்ந்த வேளையில் பேரேட்டில் ஏற்றுவர். பேரேடு கிழிந்தாலும் சிட்டை இருப்பின் அவர் கலங்கார். கணிப்பொறித் தரவுத்தளமும் இம்முறையையே மேற்கொள்கின்றது.

அதன் பேரேடு வட்டில் உள்ளது. நிலையானது, ஆயினும் விரைவு குறைந்தது. நினைவகமோ விரைவு மிக்கது. மின்சாரம் நின்றால் அதிலுள்ள யாவும் அழியும். இடமும் சிறிது. ஆதலின் வேண்டும் பக்கங்களை மட்டும் அங்குக் கொணர்ந்து, நெடுநேரம் தொடப்படாதவற்றை வெளியேற்றுவர். திருத்திய பக்கம் வட்டிற்குச் செல்லுமுன் மின்சாரம் நின்றால், வங்கியில் ஒருவர் செலுத்திய பணத்தின் கதி யாது?

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1977இல் பட்டம் பெற்ற சி. மோகன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் தம் குழுவினருடன் இதற்கு நல்வழி வகுத்தார். 'ஏரீஸ்' எனும் அம்முறையை விளக்கும் கட்டுரை 1992இல் வெளிவந்தது. திருத்தத்தின் குறிப்பு முதலில் வட்டிலுள்ள சிட்டையில் ஏறவேண்டும். பக்கம் பின்னரே எழுதப்படலாம். சிட்டை வரிசையாக எழுதப்படுவதாதலின் காலம் மிகுதியாகாது. இடம் போதாதாயின், முடிவுறாத பணியின் பக்கத்தையும் அஞ்சாது வெளியேற்றலாம். இத்துணிவே இம்முறையின் சிறப்பு. மின்சாரம் மீண்டதும் பொறி சிட்டையைப் படித்து, பதிவானவற்றை மீளச் செய்து, முடிவுறாதவற்றை நீக்கும். கொடுப்பவர் கணக்கிற் கழிந்து, பெறுபவர் கணக்கிற் சேராது நின்ற தொகை, கொடுத்தவரிடமே திரும்பும்.