கடையைப் பூட்டிய சட்டங்கள்



கோலசிலாங்கூரிலும் சுற்றுத் தோட்டங்களிலும் கடை வைத்திருக்கும் நமக்கு மூலதனம் எது? பணப்பெட்டி மட்டுமா? சம்பள நாளில் ஜனங்கள் தேடி வரும் இடமும், பற்றுப் புத்தகமும் அல்லவா! இவற்றைச் சட்டத்தைக் கொண்டே பறித்த தேசம் ஒன்று இருந்தது. அது தென்னாப்பிரிக்கா.

1860-ல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகள் டர்பனில் போய் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னே வியாபாரிகள் சென்றார்கள். அவர்களில் குஜராத்தி முஸ்லிம்கள் அதிகம். வெள்ளை வியாபாரிகளுக்கு இது பொறுக்கவில்லை. ஆசியர் நிலம் வாங்கக் கூடாது, அவர்களைத் தனித் தெருக்களில் ஒதுக்கலாம் என்று 1885-ல் டிரான்ஸ்வாலில் சட்டம் செய்தார்கள்.

நேட்டாலில் 1897-ல் வந்த வியாபார லைசென்ஸ் சட்டம் இன்னும் தந்திரமானது. அதில் இந்தியர் என்ற சொல்லே கிடையாது. கணக்கை இங்கிலீஷில் எழுத வேண்டும். லைசென்ஸ் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் இஷ்டம். மறுத்தால் கோர்ட்டுக்குப் போக வழியில்லை, நகரசபையிடமே முறையிட வேண்டும். நகரசபையிலோ போட்டி வியாபாரிகள்! என் பற்றுப் புத்தகம் தமிழில் உள்ளது. மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே கண்ட நான் அங்கே இருந்திருந்தால், கடையைப் பூட்டியிருப்பேன்.

1907-ல் டிரான்ஸ்வாலில், ஆசியர் விரல்ரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டுமென்று சட்டம் வந்தது. அதை எதிர்த்து நின்றவர்களில் வியாபாரி அகமது முகமது கச்சாலியா ஒருவர். 'போராட்டத்தை விடு, இல்லையேல் பாக்கியை உடனே கட்டு' என்றார்கள் கடன் கொடுத்த வெள்ளையர். அவர் இன்சால்வெண்ட் ஆகவும் துணிந்தார், போராட்டத்தை விடவில்லை. ஆனாலும் கடன் கொடுத்தவர்களுக்குப் பவுனுக்கு 20 ஷில்லிங், அதாவது முழுத் தொகையும் போய்ச் சேர்ந்தது. வியாபாரிக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

1950-ல் குழுப் பகுதிச் சட்டம் ஊர்களையே இனவாரியாகக் கூறு போட்டது. ஜோகன்னஸ்பர்க் பேஜ்வியூவில் 14-ஆம் தெரு, பேர்பெற்ற இந்தியக் கடைத்தெரு. அப்பகுதியை வெள்ளையருக்கென்று ஒதுக்கி, 1970-களில் கடைகளைக் காலி செய்தார்கள். இந்த இன ஒதுக்கலை 1961-ல் காமன்வெல்த் மாநாட்டில் கண்டித்தவர்களில் நம் துங்கு அப்துல் ரஹ்மானும் ஒருவர். அச்சட்டம் 1991-ல் ரத்தாயிற்று. கலைந்துபோன வாடிக்கையை எந்தச் சட்டம் திருப்பித் தரும்?

ஆகவே, ஒரு சட்டத்தின் வார்த்தையை மட்டும் பார்த்து நிம்மதியடையாதீர்கள். முடிவு யார் கையில், மறுத்தால் முறையீடு யாரிடம் என்பதையும் பாருங்கள். நம் கடையிலும் ஆளின் இனம் பார்த்து விலையோ மரியாதையோ மாறாமல் இருக்கட்டும். நம் தராசில் அந்தச் சட்டத்துக்கு இடம் தரவேண்டாம்.