ஓட்டத்தை ஆளும் குளோப் வால்வு

நுழையும்முன்
வால்வு என்றதும் திறப்பதும் மூடுவதுமே நினைவுக்கு வரும். ஆலைகளிலோ, எவ்வளவு திறப்பது என்பதும் முதன்மையான வினாவாகும். அவ்வினாவுக்கு விடையாக அமைந்த குளோப் வால்வின் செயல்பாட்டையும் நிறைகுறைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

அமைப்பும் இயக்கமும்
வீட்டிலுள்ள திருகுக் குழாயைத் திறக்கும்போது, உள்ளிருக்கும் வாசர் துளையைவிட்டு மேலெழுகிறது, நீர் வெளிவருகிறது. குளோப் வால்வும் இதே நெறியில்தான் இயங்குகிறது. உடற்பகுதி கோள வடிவில் அமைந்திருந்தமையால் இது இப்பெயர் பெற்றது. உள்ளே ஒரு தடுப்புச்சுவரும், அதன் நடுவே வட்டத் துளையும் உள்ளன. துளையின் விளிம்பே வட்டு வந்தமரும் இருக்கையாகும். கைச்சக்கரத்தைச் சுழற்றினால், தண்டோடு இணைந்த வட்டு இருக்கையை நோக்கி இறங்கும். எதிர்த்திசையில் சுழற்றினால் விலகும்.

நன்மைகள்
துளையின் விட்டம் 100 மி.மீ. எனக் கொள்வோம். வட்டு 25 மி.மீ. உயர்ந்தாலே, அதனைச் சுற்றி உருவாகும் இடைவெளியின் பரப்பு துளையின் பரப்புக்கு ஈடாகிவிடும். கேட் வால்விலோ தடுப்புப் பலகை ஏறத்தாழ 100 மி.மீ. உயர வேண்டும். எனவே, குளோப் வால்வைக் குறைந்த நகர்விலேயே திறந்து மூடலாம். ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவும் குறைக்கவும் இயலும். வட்டு இருக்கையின்மீது நேராக அழுந்துவதால் கசிவும் குறைவு. தேய்ந்த வட்டை மாற்றுவதும் எளிது.

குறைகள்
நேராக வரும் பாய்மம் இவ்வால்வினுள் மேலேறித் திரும்பிச் செல்ல வேண்டியிருக்கிறது. அதனால் அழுத்த இழப்பு மிகுதியாகிறது. முழுமையாகத் திறந்த நிலையில் கேட் வால்வின் இழப்புக் கெழு ஏறத்தாழ 0.2 எனில், குளோப் வால்வுக்கு அது ஏறத்தாழ 10 ஆகும். இவ்விழப்பை ஈடுசெய்யப் பம்பு கூடுதல் மின்சாரத்தைச் செலவிட நேர்கிறது. பெரிய அளவு வால்வுகளை உயர் அழுத்தத்திற்கு எதிராக மூட மிகுந்த விசை தேவை. சேறும் துகளும் கலந்த நீர்மங்களுக்கும் இது ஏற்றதன்று. அவை உள்ளே தங்கி இருக்கையை அரித்துவிடும்.

தேர்வில் கவனம்
கேட் வால்வைப் பாதி திறந்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்த முனைந்தால், விரைந்து பாயும் நீர்மம் பலகையை அதிரச்செய்து அரிக்கும். பின்னர் அவசர வேளையில் அதனை மூடினாலும் ஓட்டம் முழுமையாக நிற்காது. எப்போதும் திறந்தே இருக்க வேண்டிய இடத்தில் குளோப் வால்வைப் பொருத்தினால், ஆண்டு முழுவதும் ஆற்றல் வீணாகும். உடலில் பொறித்த அம்புக்குறியின் திசையையும் பொருத்துவோர் மறத்தலாகாது. கருவியின் இயல்பறிந்து பயன்படுத்துவதே பொறியியலின் முதற்பாடம்.

சிந்திக்க
நீராவியின் அளவை அடிக்கடி மாற்ற வேண்டிய ஆலையில் எவ்வகை வால்வைத் தேர்ந்தெடுப்பீர்கள்? காரணம் கூறுக.