வறண்ட சூழலும் பல்லியும்

மாணவர்களே, "வறண்ட சூழலுக்கு இசைவாக்கமடைந்த விலங்கு ஒன்றை விளக்குக" என வினவப்பட்டால் உங்களில் பலர் ஒட்டகத்தையே எழுதுகின்றீர்கள். ஒட்டகத்தை நேரில் கண்டவர் கிளிநொச்சியில் எத்தனை பேர்? வீட்டு வளையில் இருக்கும் பல்லியை எழுதுங்கள். அவதானித்து எழுதிய விடையில் பிழை குறைவு.

வன்னியில் மே முதல் செப்டெம்பர் வரை மழை அரிது, குளங்கள் வற்றும். அக்காலத்திலும் வீட்டுப் பல்லியும், மரப்பட்டையின் நிறத்தோடு ஒன்றிக் கிடக்கும் மரப்பல்லியும் நன்றாகவே வாழ்கின்றன. எவ்வாறு?

பல்லியின் எச்சத்தைப் பாருங்கள். கரிய பகுதி மலம். நுனியிலுள்ள வெள்ளைப் பகுதி யூரிக்கமிலம். இது நீரில் அரிதாகவே கரைவதால் மிகக் குறைந்த நீருடன் வெளியேற்றப்படுகின்றது. வீட்டுச் சுவரிலேயே உள்ள இந்தச் சான்றை விடையில் எழுதுவோர் மிகச் சிலரே. இதனுடன் செதில் மூடிய தோல், பகல் வெப்பத்தைத் தவிர்க்கும் இரவு நடமாட்டம், எளிதில் உலராத வன்கோதுடைய முட்டைகள் (பொதுவாக இரண்டு) என்பவற்றையும் சேர்த்துக்கொள்க.

வீட்டுப் பல்லிக்குக் கண் இமை இல்லை. ஒளிபுகும் செதில் ஒன்றே கண்ணை மூடியுள்ளது. அதனை நாக்கினால் நக்கித் துடைக்கும். ஆபிரிக்காவின் நமிப் பாலைவனத்தில் வாழும், விரலிடைச் சவ்வுடைய சிறு பல்லி, கண்ணில் படியும் பனிநீரையும் இவ்வாறே நக்கிக் குடிக்கின்றது. அதன் சவ்வுக்கால் மணலைத் தோண்ட உதவுகின்றது. நம் பல்லியின் காலோ சுவரைப் பற்ற உதவுகின்றது. பசையினால் ஒட்டுகின்றது என எழுத வேண்டாம். விரலடியிலுள்ள எண்ணற்ற நுண்மயிர்களுக்கும் சுவருக்குமிடையிலான வந்தர்வாலிசு விசைகளே காரணம் என்பதற்கு 2002 இல் பரிசோதனைச் சான்று வெளியாகியது.

எதிரி பிடித்தால் வால் முள்ளென்பு ஒன்றின் நடுவே முறியும். மீள வளரும் வாலில் முள்ளென்புகள் இல்லை, கசியிழையக் கோலே உண்டு. வாலில் சேமித்த கொழுப்பும் இழக்கப்படுவதால் பஞ்ச காலத்தில் இது சிறிய நட்டமன்று.

பல்லி விழுந்த பால் நஞ்சாகும் என்பர். பல்லிக்கு நஞ்சுச் சுரப்பி இல்லை. ஆயினும் சல்மனெல்லா பற்றீரியா இருக்கக்கூடும். ஆகவே பாலை ஊற்றிவிடுங்கள், பல்லியை அடிக்காதீர்கள். பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பது வேறு பாடம்!

பயிற்சி: மின்குமிழ் அருகே பல்லிகள் இரவில் கூடுவதேன்? உணவுச் சங்கிலி ஒன்றை வரைந்து விளக்குக.